மாட்டு வயிற்றுக் கணக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அசைபோடும் கால்நடைகளின் செரிமானத்தைச் சமன்பாடுகளாக எழுதிப் பார்ப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரைக்கு மாதவரம் தொடங்கி மீஞ்சூர் வரை கடிதங்கள். கல்லூரி மாணவர்களைவிட வீட்டு வாசலில் மாடு கட்டியிருப்பவர்கள் எழுதியவையே கூடுதல். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

"தீவன அட்டவணையில் வைக்கோலின் டி.டி.என். (மொத்தச் செரிமானச் சத்து) 42 சதவீதம் என்று போட்டிருக்கிறார்கள். எடையோடு பெருக்கினால் விடை வந்துவிடுமே, எதற்குச் சமன்பாடு?" (வாசகி, மாதவரம் பால்பண்ணை)

அட்டவணை எண் பொய்யில்லை. ஆனால் அது ஏதோ ஓர் அளவு தின்ற மாட்டில் அளந்த எண். உங்கள் மாடு அதைவிடக் கூடுதலாகத் தின்றால் அதே வைக்கோல் வேறு எண்ணைத் தரும்.

ரூமன் என்கிற பெருவயிற்றுக்குள் போன நார், வெளியேற இரண்டு வழிதான். நுண்ணுயிர்கள் அதைக் கரைக்க வேண்டும். அல்லது கரையாமலே அடுத்த வயிற்றுக்கு நழுவ வேண்டும். முதலாவதன் வேகத்தைச் 'செ' என்றும், இரண்டாவதன் வேகத்தை 'வெ' என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் அலகு ஒன்றே: உள்ளே இருக்கும் இருப்பில் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை சதவீதம். செரிக்கக்கூடிய நாரில் உண்மையில் செரிப்பது எவ்வளவு என்றால், செ ÷ (செ + வெ). வால்டோ, ஸ்மித், காக்ஸ் மூவரும் 1972-இல் இந்த வடிவத்தில் எழுதினார்கள். பின்னால் வந்த பெரிய கணித மாதிரிகள் பலவற்றின் அடியிலும் இந்தப் பின்னம்தான் உட்கார்ந்திருக்கிறது.

வைக்கோல் நாருக்குச் செ 3 சதவீதம், வெ 2 சதவீதம் என்று வையுங்கள். 3 ÷ 5, அதாவது 60 சதவீதம் செரிக்கும். அடர்தீவனத்தைக் கூட்டி, மாடு மொத்தத்தில் அதிகம் தின்று, வெ 4 சதவீதமாக ஏறினால் 3 ÷ 7, 43 சதவீதம்தான். வைக்கோல் மாறவில்லை, மாடும் மாறவில்லை. இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. வைக்கோல் உள்ளே போன உடனே கரையத் தொடங்காது. நனைந்து, நுண்ணுயிர் ஒட்டிக்கொள்ளச் சில மணி நேரம் ஆகும். அந்தத் தாமதம் 6 மணி என்றால், அதற்குள் நழுவிப்போனதையும் கழிக்க வேண்டும். வெ 4 சதவீதத்தில் 43 என்பது 34-ஆக இறங்கிவிடும்.

இதே கணக்கு இன்னொன்றையும் காட்டும். எங்களுக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. நாளுக்கு 6 கிலோ உலர் எடை வைக்கோல் தின்னும் மாடு. அதில் 70 சதவீதம் நார், 4.2 கிலோ. அந்த நாரில் 60 சதவீதம் எப்போதாவது செரிக்கும். மீதி 40 சதவீதம் எத்தனை நாள் கிடந்தாலும் செரிக்காது. ரூமனில் நிலையாக எவ்வளவு கிடக்கும் என்பதற்கு, மணிக்கு உள்ளே வருவதை வெளியேறும் மொத்த வேகத்தால் வகுக்க வேண்டும். செரிக்கும் நார் மணிக்கு 105 கிராம் வருகிறது; 0.05-ஆல் வகுத்தால் இருப்பு 2.1 கிலோ. செரிக்காத நார் மணிக்கு 70 கிராம்தான் வருகிறது. ஆனால் அதற்கு ஒரே வழி, நழுவுவது மட்டும். 0.02-ஆல் வகுத்தால் 3.5 கிலோ. குறைவாக வருவது கூடுதல் இடத்தை அடைத்துக்கொள்கிறது. வைக்கோல் மட்டும் போட்ட மாடு வயிறு முட்ட இருந்தும் மடி சுருங்கிக் கிடப்பதற்கு இதுவே காரணம். சதவீத அட்டவணை இதைச் சொல்லாது.

"என் கலப்பினப் பசுவுக்கு நாளுக்கு வைக்கோல் 5 கிலோ, கோ-4 புல் 10 கிலோ, கோதுமைத் தவிடு 2 கிலோ, கடலைப் புண்ணாக்கு 2 கிலோ. புரதம் தேவைக்கு மேலேயே இருக்கிறது என்று எக்ஸெல் சொல்கிறது. 10 லிட்டர் வர வேண்டிய மாடு ஏழரை தாண்ட மாட்டேன் என்கிறது. புண்ணாக்கைக் கூட்டவா?" (வாசகர், வியாசர்பாடி)

வேண்டாம். உங்கள் எக்ஸெல் சரியாகத்தான் சொல்கிறது; நீங்கள் பார்த்த வரிதான் வேறு.

மாடு 400 கிலோ என்று எழுதியிருக்கிறீர்கள். அது கண் மதிப்பு என்றால் முதலில் நாடாவை எடுங்கள். முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவு, தோள் முனையிலிருந்து பிட்ட எலும்பு வரை நீளம், இரண்டும் சென்டிமீட்டரில். சுற்றளவு × சுற்றளவு × நீளம் ÷ 10,840 என்றால் கிலோ. 168-ம் 150-ம் வந்தால் 391 கிலோ.

இனி தீவனம். ஈரத்தைக் கழித்த உலர் எடையில்:

வைக்கோல் 4.5 கிலோ: புரதம் 158 கிராம், டி.டி.என். 1.89 கிலோ.
கோ-4 புல் 2 கிலோ: 180 கிராம், 1.08 கிலோ.
தவிடு 1.8 கிலோ: 270 கிராம், 1.26 கிலோ.
புண்ணாக்கு 1.8 கிலோ: 792 கிராம், 1.37 கிலோ.

மொத்தம் புரதம் 1,400 கிராம், டி.டி.என். 5.6 கிலோ. தேவை? அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழுவின் (என்.ஆர்.சி.) 1989 அட்டவணைப்படி 400 கிலோ மாட்டின் உடல் பராமரிப்புக்கு டி.டி.என். 3.13 கிலோ, புரதம் 318 கிராம். 4 சதவீதக் கொழுப்புள்ள பால் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.322 கிலோ டி.டி.என்., 90 கிராம் புரதம். ஆக 10 கிலோ பாலுக்கு வேண்டியது புரதம் 1,218 கிராம், டி.டி.என். 6.35 கிலோ. புரதம் மிஞ்சுகிறது, சக்தி முக்கால் கிலோ குறைகிறது. இருக்கிற சக்தியில் பராமரிப்பைக் கழித்து 0.322-ஆல் வகுங்கள்: 7.7. மாடு கணக்குப்படிதான் கறக்கிறது.

மிஞ்சிய புரதம் எங்கே போகிறது என்பதையும் பார்த்துவிடுவோம். ரூமன் நுண்ணுயிர்கள் தங்கள் உடலைக் கட்டிக்கொள்ளும் அளவை என்.ஆர்.சி. 2001 மாதிரி இப்படி மதிப்பிடுகிறது: டி.டி.என். கிலோவுக்கு 130 கிராம் நுண்ணுயிர்ப் புரதம். அதைக் கட்ட 1.18 மடங்கு சிதையும் புரதம், அதாவது ரூமனிலேயே சிதையும் தீவனப் புரதம், வேண்டும். 5.6 கிலோவுக்கு 728 கிராம் கட்டலாம், 859 கிராம் சிதையும் புரதம் போதும். உங்கள் தீவனத்திலோ வைக்கோல் புரதத்தில் 40, புல்லில் 60, தவிட்டில் 75, கடலைப் புண்ணாக்கில் 77 சதவீதம் ரூமனில் சிதைவதாக வைத்தால் 983 கிராம் வருகிறது. மிஞ்சும் 124 கிராமும் அம்மோனியாவாகி, ரத்தத்தில் ஏறி, கல்லீரலில் யூரியாவாகி, மூத்திரத்திலும் பாலிலும் போகிறது. அதை யூரியாவாக மாற்றவும் மாடு சக்தி செலவழிக்கிறது. புண்ணாக்கு விலையில் மூத்திரம் வாங்கியது போலத்தான்.

புண்ணாக்கிலும் சக்தி உண்டே என்று கேட்பீர்கள். உண்டு. இன்னும் அரை கிலோ போட்டால் கணக்கில் 1 லிட்டர் கூடும். அதே அரை கிலோ மக்காச்சோளம் அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே தரும், விலையும் குறைவு. எனவே புண்ணாக்கை 1.5 கிலோவாகக் குறைத்து, மக்காச்சோளம் 1.5 கிலோ சேருங்கள். டி.டி.என். 6.36 கிலோ, புரதம் 1,324 கிராம். கணக்கில் 10 லிட்டர். இப்போது சிதையும் புரதம் 891 கிராம், தேவை 976. அதாவது தராசு மறுபக்கம் சாய்ந்து, 85 கிராம் குறைகிறது. இதற்காக யூரியா பையைத் தேட வேண்டாம். மாடு ரத்தத்தில் உள்ள யூரியாவின் ஒரு பகுதியை எச்சில் வழியாகவும் ரூமன் சுவர் வழியாகவும் திருப்பி அனுப்பிக்கொள்ளும். தவிர, நாம் வைத்த 40, 60, 75 எல்லாமே பத்து சதவீதம் இப்படி அப்படி ஆடக்கூடியவை. 85 கிராம் அந்த ஆட்டத்துக்குள் அடங்கிவிடும். மனம் கேட்காவிட்டால் கோ-4-இல் இரண்டு மூன்று கிலோவைக் குறைத்து வேலிமசால் போடுங்கள்.

மக்காச்சோளத்தை ரவைப் பதத்துக்கு உடையுங்கள். முழுசாகப் போட்டால் சாணத்தில் மஞ்சள் மணியாகத் திரும்பி வரும். மாவாக அரைத்தால் வேகமாகப் புளிக்கும். நாளுக்கு 150, 200 கிராம் என்று பத்து நாளில் ஏற்றுங்கள்.

கடைசியாக ஒன்று. படியால் அளந்து போடுகிறவர் என்றால் மேலே சொன்ன எதுவும் பலிக்காது. ஒரு படி தவிடும் ஒரு படி புண்ணாக்கும் ஒரே எடை இல்லை. புல்லின் ஈரமும் அப்படித்தான்: மழைக்கால கோ-4-இல் உலர் எடை 15 சதவீதம், வெயிலில் அறுத்ததில் 22 என்று இருக்கலாம். 10 கிலோ புல் என்பது ஒன்றரை கிலோவா இரண்டேகால் கிலோவா என்று தெரியாமல் மூன்றாம் தசம இடம் வரை கணக்குப் போட்டு என்ன பயன்? நறுக்கிய புல் 100 கிராமை மைக்ரோவேவ் அடுப்பில் ஒரு டம்ளர் தண்ணீரோடு வைத்து, எடை இறங்குவது நிற்கும்வரை இரண்டிரண்டு நிமிடமாகச் சூடாக்கி நிறுத்தால் தெரிந்துவிடும். தண்ணீர் டம்ளரை மறந்தால் புல் தீப்பிடிக்கும்.

"கல்யாண மண்டபத்தில் மீந்த சாதம் தினமும் 8 கிலோ சும்மாவே கிடைக்கிறது. அரிசியும் தானியம்தானே, மக்காச்சோளத்துக்குப் பதில் கொடுக்கலாமா?" (வாசகி, புழல்)

8 கிலோ சாதத்தில் தண்ணீர் போக உலர் எடை 2.4 கிலோ. அதில் மாவுச்சத்து 2 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அளவில் மக்காச்சோளத்துக்கு ஈடாகத் தோன்றும். வித்தியாசம் வேகத்தில்.

உடைத்த மக்காச்சோள மாவுச்சத்து மணிக்கு 6 சதவீதம் கரைகிறது என்றும், வெந்த அரிசி 30 சதவீதம் என்றும் வையுங்கள். நான்கு மணி நேரத்தில் மக்காச்சோளத்தில் கரைந்தது 21 சதவீதம், சாதத்தில் 70 சதவீதம். 2.1 கிலோவில் ஒன்று 450 கிராம், மற்றது ஒன்றரை கிலோ. அந்த ஒன்றரை கிலோவும் அமிலமாகும். ரூமன் சுவர் அதை உறிஞ்சும் வேகமும், எச்சிலில் வரும் சோடா அதைச் சமன்செய்யும் வேகமும் போதாமல் பி.எச். இறங்கும். 6-க்குக் கீழே நார் கரைக்கும் பாக்டீரியாக்கள் தளரும். அதாவது மேலே பார்த்த வைக்கோலின் செ 3-லிருந்து 2-க்கோ ஒன்றரைக்கோ விழும். சாதம் தந்த சக்தியில் ஒரு பங்கை வைக்கோல் பக்கம் இழக்கிறீர்கள். 5.5-க்குக் கீழே இன்னும் போனால் லாக்டிக் அமிலம் கட்டுமீறும். மாட்டின் உயிருக்கே ஆபத்து.

கொடுக்கத்தான் வேண்டும் என்றால் வேளைக்கு 1 கிலோவில் தொடங்கி, இரண்டு வாரம் கழித்து 2 கிலோவோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் போகாதீர்கள். வைக்கோல் தின்று அசைபோட்ட பிறகே சாதம். வைக்கோலைப் பொடியாக நறுக்க வேண்டாம். நீளமாக இருந்தால்தான் மெல்லும், மென்றால்தான் எச்சில் ஊறும். அடர்தீவனத்தில் சமையல் சோடா நாளுக்கு 100 கிராம் கலக்கலாம். ஊசிப்போனது, சாம்பாரும் எண்ணெயும் கலந்தது, இலையோடு வாரியது எதுவும் ஆகாது. பந்திக்கு அடுத்த நாள் மாடு தீனி தொடாமல், புளித்த வாடையோடு நுரைச்சாணம் போட்டு, வயிற்றை உதைத்துக்கொண்டால் கைவைத்தியம் பார்க்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

"பைத்தானில் ரூமன் மாதிரி எழுதினேன். மாவுச்சத்து இருப்பு மைனஸில் போகிறது. சமன்பாடு தவறா?" (வாசகர், மணலி)

சமன்பாடு சரி; நேரப்படி, அதாவது ஒரு கணக்குக்கும் அடுத்த கணக்குக்கும் இடையே விடும் நேரம், பெரிது. நீங்கள் அனுப்பிய நிரலில் படி 4 மணி, வேகம் 0.30. 1 கிலோ மாவுச்சத்து ஒரே படியில் 0.30 × 4 = 1.2 கிலோ கரைகிறது என்று கணினி கழிக்கிறது. மீதி மைனஸ் 200 கிராம். உண்மையில் மீந்திருக்க வேண்டியது 300 கிராம். படியை 0.1 மணியாக்குங்கள்; அல்லது நான்காம் நிலை ருங்கே-குட்டா முறைக்குப் போங்கள். பூஜ்யத்துக்குக் கீழே போனால் பூஜ்யமாக்கு என்று ஒரு வரி சேர்த்து ஒப்பேற்றாதீர்கள். அது பிழையை மூடிவைக்கும். காணாமல் போன மாவு எங்கேயோ சக்தியாகக் கணக்கேறும்.

மைனஸ் கண்ணுக்குத் தெரிகிறது. உங்கள் நிரலில் தெரியாதது ஒன்று: தீனியை நாளுக்குக் கிலோவில் வைத்து, வேகத்தை மணிக்கு வைத்திருக்கிறீர்கள். இருப்பு 24 மடங்காகக் காட்டும். இதைப் பிடிக்க வழி வரவு-செலவு. உள்ளே போனது (மாடு உண்மையில் தின்ற கிலோ) = கரைந்தது + நழுவியது + இருப்பில் மாற்றம் என்ற வரியை ஒவ்வொரு படியிலும் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

தொடக்க இருப்பைப் பூஜ்யம் என்று வைத்தால் முதல் பத்து நாள் முடிவைத் தூக்கிப்போடுங்கள். வெ 0.02 என்றால் செரிக்காத நாரின் கால அளவு 50 மணி. நிலைக்கு வர அதைப்போல் ஐந்து மடங்கு, 250 மணி வேண்டும். தீவன ஆய்வுகளில் புதுத் தீவனத்துக்கு மாட்டைப் பழக்கப் பத்துப் பதினைந்து நாள் விடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

"நைலான் பை ஆய்வில் (தீவனப் பையை ரூமனுக்குள் வைத்து எடுக்கும் சோதனை) வைக்கோல் புரதம் 12 மணி நேரத்தில் கரைவதற்குப் பதில் கூடுகிறது! வழிகாட்டியிடம் காட்டவே கூச்சமாக இருக்கிறது." (முதுநிலை மாணவி, பெரம்பூர்)

தயங்காமல் காட்டுங்கள். உங்கள் பை சொல்வது உண்மைதான், அது வைக்கோலைப் பற்றிய உண்மை இல்லை, அவ்வளவே. வைக்கோலில் புரதம் மூன்று நான்கு சதவீதம்தான். அதன்மேல் ஒட்டிய பாக்டீரியாவின் புரதம் அதைவிடக் கூடுதலாகிவிடும். தண்ணீரில் அலசினால் போகாது. குறைபுரதத் தீவனங்களில் இது எதிர்பார்க்க வேண்டியதே. உலர் எடைக்கும் நாருக்கும் பையை நம்புங்கள். வைக்கோல் புரதத்துக்கு நைட்ரஜன்-15 போன்ற அடையாளம் வைத்துப் பாக்டீரியா பங்கைக் கழித்தால்தான் எண் நிற்கும்.

மற்ற வாசகர்களுக்கு: 1979-இல் ஆர்ஸ்கோவும் மெக்டொனால்டும் வகுத்த முறை இது. ரூமனில் துளையிட்டு மூடி பொருத்திய மாட்டுக்குள் தீவனம் நிரப்பிய நைலான் பைகளை வைத்து, குறித்த நேரங்களில் எவ்வளவு கரைந்தது என்று நிறுக்கிறார்கள். அலசினாலே போகும் பங்கு ஒன்று. மெல்லக் கரையும் பங்கு ஒன்று. அது கரையும் வேகம் ஒன்று. மொத்தச் சிதைவு = அலசலில் போவது + மெல்லக் கரைவது × செ ÷ (செ + வெ). கடலைப் புண்ணாக்குக்கு 35, 60, மணிக்கு 12 சதவீதம் என்று வைத்தால், வெ 5-இல் 77 சதவீதம் சிதையும். தேங்காய்ப் புண்ணாக்குக்கு 20, 70, 4 என்றால் 51 தான். மீதி பைபாஸ் புரதமாகக் குடலுக்குப் போகும். இவை கணக்கு விளங்க எடுத்த எண்கள், உங்கள் கடைப் புண்ணாக்கின் சோதனை முடிவு அல்ல.

மாணவிக்குத் திரும்புவோம். உங்கள் குறிப்பில் வேறு சில இடங்களும் இடிக்கின்றன. பையின் கண் 40-லிருந்து 50 மைக்ரான் இருக்கட்டும். 10-க்கு 20 சென்டிமீட்டர் பையில் 5 கிராம் போடுங்கள். நீங்கள் போட்ட 12 கிராம் உள்ளே கட்டிபிடித்து, நடுவில் இருப்பது நனையாமலே இருந்திருக்கும். புண்ணாக்கை 2 மில்லிமீட்டர் சல்லடையில் அரைக்கலாம், வைக்கோலை 5-க்குக் கீழே போகாதீர்கள். பைகளை வெவ்வேறு நேரத்தில் உள்ளே விட்டு, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வெளியே எடுத்தால் அலசல் எல்லாவற்றுக்கும் ஒன்றாக அமையும். எடுத்ததும் குளிர்ந்த நீரில் போடாவிட்டால் மேசைமேல் இருக்கும்போதும் கரைந்துகொண்டே இருக்கும்.

வைக்கோலுக்கு 48 மணியோடு நிறுத்தியிருக்கிறீர்கள். வேகம் 3 சதவீதம் என்றால் 48 மணியில் கரைய வேண்டியதில் 76 சதவீதம்தான் கரைந்திருக்கும். வளைவு இன்னும் ஏறிக்கொண்டிருக்கும்போதே வெட்டிவிட்டால், எக்ஸெல் சால்வர் உச்சியை எங்கே வைப்பது என்று தெரியாமல் தன் இஷ்டத்துக்கு நீட்டும். மொத்தம் 100-ஐத் தாண்டியது அதனால்தான். 72, 96 மணிப் பைகள் கட்டாயம். 96-இல் 94 சதவீதம் முடிந்திருக்கும். அலசல் பங்கு மைனஸில் வந்தது தாமத நேரத்தைச் சேர்க்காததால். பூஜ்ய மணிப் பையின் அளவை நிலையாக வைத்து, தாமதத்தைத் தனி எண்ணாகச் சேர்த்து மறுபடி பொருத்துங்கள்.

"கொடுங்கையூர் குப்பைமேட்டுப் பக்கம் மேயும் மாடுகள் பிளாஸ்டிக் தின்கின்றன. மாதிரியில் அதற்கு இடம் உண்டா?" (வாசகர், கொடுங்கையூர்)

உண்டு. செ பூஜ்யம், வெ-யும் பூஜ்யம். கரையவும் கரையாது, உருண்டு பந்தாகிவிட்டால் அடுத்த வயிற்றுக்கான வாயில் நுழையவும் நுழையாது. வகுக்க எதுவும் இல்லாததால் இருப்புக்கு நிலையான எண்ணே கிடையாது. நாளுக்கு நாள் நேர்கோட்டில் ஏறும். தினம் 50 கிராம், ஒரு சில பைகள், மூன்று ஆண்டில் 55 கிலோ. மிகையாகத் தோன்றினால் இதைப் பாருங்கள்: 2019 அக்டோபரில் திருமுல்லைவாயிலைச் சேர்ந்த பசு ஒன்றின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் அறுவை செய்து எடுத்தார்கள்.

பிளாஸ்டிக் அடைத்த இடம் நாருக்கான இடம். மாட்டால் தின்ன முடியாது. தின்றதும் சரியாகக் கலக்கப்படாது. தீனி குறைந்து, அடிக்கடி உப்புசம் கண்டு, சாணம் சுருங்கி, மருந்துக்கு இரண்டு நாள் தேறி மறுபடி விழும் மாட்டுக்குத் தீவன ரேஷன் கணக்குப் போடுவதில் பொருளில்லை. இதற்குக் கரைக்கும் மருந்து எதுவும் இல்லை. அறுவை ஒன்றே வழி.

"ஆட்டுக்கும் இதே எண்களா?" (வாசகர், தண்டையார்பேட்டை)

சமன்பாடு அதே, எண்கள் வேறு. உடல் எடைக்கு ஒப்பிட்டால் ஆடு அதிகம் தின்னும், வெ கூடுதல். அதனால் வைக்கோலில் மாட்டைவிடக் குறைவாகவே எடுக்கும். அதை ஈடுகட்டத்தான் இலையிலும் கொழுந்திலும் பொறுக்கித் தின்கிறது. நீங்கள் போட்டதை ஆடு தின்றதாகக் கணக்கு வைக்காதீர்கள். மிச்சத்தை நிறுத்துக் கழியுங்கள்.

"யூரியா தெளித்த வைக்கோல் நல்லதா? கணக்கில் எவ்வளவு லாபம்?" (வாசகர், மீஞ்சூர்)

100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 50-லிருந்து 60 லிட்டர் தண்ணீர். யூரியா முழுக்கக் கரைந்த பிறகே தெளிக்க வேண்டும். அடுக்கடுக்காகப் பரப்பி, தெளித்து, மிதித்துக் காற்றை வெளியேற்றி, பாலித்தீன் தாளால் இறுக மூடி 21 நாள். திறந்தால் அம்மோனியா மூக்கைத் துளைக்க வேண்டும், வைக்கோல் பழுப்பாக மாறியிருக்க வேண்டும். வாடையே இல்லை என்றால் தாள் எங்கோ கிழிந்து, போட்ட யூரியா காற்றோடு போயிற்று. பூசணம் பிடித்திருந்தால் மிதித்தது போதவில்லை. அந்தப் பகுதியைக் கழித்துவிடுங்கள். அன்றன்றைக்கு வேண்டியதை எடுத்து ஒரு மணி நேரம் ஆற விட்டுக் கொடுங்கள். ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுக்கு வேண்டாம். கரைசல் வாளியை மாடு எட்டும் இடத்தில் வைக்கவே கூடாது. குடித்தால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும்.

கணக்கு: செரிக்கக்கூடிய பங்கு 60-லிருந்து 70-க்கும், செ 3-லிருந்து 4-க்கும் ஏறுவதாக வைத்தால், வெ 2-இல் நாரில் உண்மையில் செரிப்பது 36 சதவீதத்திலிருந்து 47-க்கு வருகிறது. பலரும் இதோடு நிறுத்திவிடுவார்கள். முதல் பதிலில் செரிக்காத நார் 3.5 கிலோ இடத்தை அடைத்ததே, அது இப்போது 2.6 கிலோ. காலியான இடத்தில் மாடு இன்னும் தின்னும். லாபத்தில் ஏறக்குறைய பாதி இந்தக் கூடுதல் தீனியில்தான். எனவே முன்பு போட்ட அதே 6 கிலோவையே அளந்து போட்டால் பாதி லாபம் கைநழுவும்.

"என்.ஆர்.சி. சமன்பாட்டில் என் மாடு 12.4 கிலோ தின்ன வேண்டும். 10 கிலோகூட தொடவில்லை." (வாசகர், எண்ணூர்)

அந்தச் சமன்பாடு குளிர்நாட்டு ஹோல்ஸ்டீன் மாடுகளின் தரவில் பிறந்தது. எண்ணூரில் 35 டிகிரி வெப்பம், 70 சதவீத ஈரப்பதம் என்றால் வெப்ப-ஈரப்பதக் குறியீடு 89. கறவை மாட்டுக்குச் சிரமம் 72-லேயே தொடங்கிவிடுகிறது. கடற்காற்று அடிக்கிறதே என்பீர்கள். காற்று உதவும், ஈரம் கெடுக்கும்.

மாதிரியில் மூன்று இடத்தைத் தொட வேண்டும். தீனி அளவுக்குச் சூத்திரத்தை விட்டுவிட்டு, தொட்டியில் போட்டதையும் மிஞ்சியதையும் ஒரு வாரம் நிறுத்த சராசரியை வையுங்கள். தீனி குறைந்தால் வெ-யும் குறையும். எனவே செரிமானச் சதவீதம் சிறிது கூடும். பராமரிப்புத் தேவையை ஏற்றுங்கள்: மூச்சிரைப்பின் கடுமையைப் பொறுத்து 7-லிருந்து 25 சதவீதம். 10 சதவீதம் என்றாலே 0.31 கிலோ டி.டி.என்., கிட்டத்தட்ட 1 லிட்டர் பால். அடர்தீவனத்தை விடியலிலும் இரவு எட்டு மணிக்கு மேலும் போடுங்கள், தண்ணீர் எப்போதும் எட்டட்டும்.

"கைபேசியிலேயே கணக்குப் போட ஏதாவது உண்டா?" (வாசகி, ராயபுரம்)

தேசியப் பால்வள வாரியத்தின் 'பசு போஷண்' செயலி இருக்கிறது. இருக்கும் தீவனங்களை வைத்துக் குறைந்த செலவில் சத்துத் தேவையை நிரப்பும் கலவையைத் தேடித் தரும். அது நேரியல் திட்டமிடல். செரிமான மாதிரி வேறு. வேகங்கள் அதில் இல்லை. அன்றாட ரேஷனுக்கு அது போதும். கார்னெல் பல்கலைக்கழகத்தின் சி.என்.சி.பி.எஸ்., பால்ட்வின் குழுவின் 'மாலி' போன்ற செரிமான மாதிரிகள் ஆய்வுக்கு. அவை கேட்கும் தீவன எண்களில் பாதி நம்மூர்த் துவரம் பொட்டுக்கும் உளுந்தம் பொட்டுக்கும் கையில் இருக்காது.

எந்தக் கணக்கைப் பின்பற்றினாலும் பாலில் யூரியா நைட்ரஜன் எவ்வளவு என்று சோதனைக்கூடத்தில் பார்க்க முடிந்தால் பாருங்கள். டெசிலிட்டருக்கு 12-லிருந்து 16 மில்லிகிராம் என்றால் புரதமும் சக்தியும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன. 20-ஐத் தாண்டினால் வியாசர்பாடிக்காரருக்குச் சொன்னதையே செய்யுங்கள். 8-க்குக் கீழே என்றால் சிதையும் புரதம் குறைவு. ஒரே ஒரு கறவையின் மாதிரியை எடுக்காமல், காலையும் மாலையும் கறந்ததைக் கலந்து கொடுங்கள். தீனி போட்ட சில மணி நேரத்தில் கறந்த பாலில் எண் ஏறித்தான் இருக்கும்.